நம் மலையின் ஹாலி மரம்

பழனிசெட்டிபட்டிக்குச் சென்றிருந்தபோது அங்கத்தினர் ஒருவர், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் காணும் செங்கனி மரம் நம் நாட்டிலும் உண்டா என வினவினார். உண்டு என்றோம்.

அட்டையில் உள்ளது ஐரோப்பிய ஹாலி. அதன் உறவான ‘ஐலெக்ஸ் வைட்டியானா’ என்னும் மரம் பழனி மலை முதலிய மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் வளர்கிறது. இலங்கை மலைகளிலும் உண்டு. வேறெங்கும் இயற்கையாக இல்லை. சென்னை மாகாணத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட் அவர்களின் பெயரை அது தாங்கியுள்ளது.

நெசவாளர் நூலை நம்பர் பார்த்துப் பிரிப்பர். தாவரவியலார் மரத்தைப் பூவும் கனியும் பார்த்துப் பிரிப்பர். ஐரோப்பிய ஹாலியின் இலையோரம் முள்ளுடையது. நம் மரத்தினது முள்ளற்றது. எனினும் பூவும் கனியும் ஒத்திருப்பதால், 1753-இல் லின்னேயஸ் வகுத்த ஐலெக்ஸ் என்னும் ஒரே பேரினத்தில் இரண்டும் அடங்கும். அதில் 500-க்கு மேற்பட்ட இனங்கள் உள. தென் அமெரிக்கர் தேநீர்போல் பருகும் மாத்தே இலையும் அவற்றுள் ஒன்றே.

அங்கத்தினர்கள் கருதவேண்டியது ஒன்றுண்டு. இம்மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. அருகில் ஆண் மரம் இல்லையேல், பெண் மரத்தில் முளைக்கத்தக்க விதை உண்டாகாது. ஆகவே அழகுக்கென ஒற்றை மரத்தை விட்டுச் சுற்றிலும் வெட்டினால், மரம் நிற்கும், சந்ததி நில்லாது. மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு மெல்ல விடுபவை சோலைகளே. சோலையை ஒட்டி நிலமுடையோர் அதனை முழுமையாக விட்டுவைப்பது, கீழே பயிரிடும் நம் அனைவர்க்கும் செய்யும் உதவியாகும்.