ஒன்பது கட்டத்துப் பொத்தான்

தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது 1993 செப்டம்பர் 30இல். பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணைய இணைப்புத் தரவே இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அந்த விழுப்புரத்தைவிட்டு 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனிக்குடித்தனம் போனபோது இணையதளத்துக்கான சட்டகமே தயாராக இருந்தது. தேசிய தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்ற அந்தச் சட்டகத்தில் மெனு, அறிவிப்புப் பட்டை, படத்தொகுப்பு, எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் எல்லாமே செய்துவைத்த உறுப்புகள். மாவட்டத்துக்காரர்கள் கல்வராயன் மலையையும் மேகம் அருவியையும் கோமுகி அணையையும் பற்றி எழுதி நிரப்பினால் போதும்.

2000களின் தொடக்கத்தில் வலைப்பக்கம் செய்தவர்களுக்கு இந்தச் சொகுசு கிடையாது. முனை வளைந்த ஒரே ஒரு பொத்தானுக்கு ஒன்பது கட்டம் கொண்ட டேபிள் போட வேண்டும். நாலு மூலைக்கும் ஒவ்வொரு ஜிஃப் படம் வெட்டி ஒட்டி, நடுக்கட்டத்தில் எழுத்து. இடைவெளி வேண்டிய இடத்திலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் ஜிஃப். மேலதிகாரி நிறத்தை மாற்றச் சொன்னால் நாலு மூலையையும் மறுபடி வெட்ட வேண்டும். தமிழில் எழுதினாலோ, டாப், டாம், திஸ்கி என்று தளத்துக்கொரு குறியாக்கம்; அதற்கான எழுத்துருவை வாசகர் இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் திரையில் கிறுக்கல்தான்.

2011 ஆகஸ்டில் ட்விட்டரின் மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தோர்ன்டனும் பூட்ஸ்ட்ராப் என்னும் உறுப்பு நூலகத்தை வெளியிட்ட பிறகு, அதே பொத்தானுக்கு ஒரு கிளாஸ் பெயர் போதுமென்றானது. நிரல் வரிகள் குறைந்ததைத்தான் எல்லாரும் பெரிதாகச் சொல்கிறார்கள். பழுதுபார்க்கும் இடம் ஒன்றானதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மவுஸ் பிடிக்க முடியாதவர் கீபோர்டால் மெனுவைத் திறக்க முடியவில்லையா? நூலகத்தில் ஒருமுறை திருத்தினால், புதிய பதிப்புக்கு மாறும் தளங்கள் அத்தனையிலும் திறக்கும்.

மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சியின் தளம் பக்கத்து மாவட்டத் தளத்தைப் போலவே இருக்கிறதே என்று குறைப்படலாம். சான்றிதழுக்கு விண்ணப்பம் தேடி வருபவருக்கோ அதுதான் வசதி. பட்டாவோ வருமானச் சான்றோ, அழகு பார்க்க யாரும் அங்கே வருவதில்லை.

எடைதான் உண்மையான குறை. பூட்ஸ்ட்ராப் 5.3இன் சிஎஸ்எஸ் கோப்பு மட்டுமே 200 கிலோபைட்டுக்கு மேல். ஜிசிப்பில் சுருக்கினால் ஏழில் ஒரு பங்காகும். ஆனால் பிரித்துப் படிக்கும் வேலை கைப்பேசிக்குத்தான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் சிக்னல் போய்ப்போய் வருகிற விலை மலிவான போனில் அது தெரியும். வேண்டிய உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்ள பூட்ஸ்ட்ராப்பின் சாஸ் மூலக் கோப்புகளிலேயே வழி உண்டு. பெரும்பாலானவர்கள் முழு மூட்டையையும் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள்.