முட்டை சாப்பிடாத பிள்ளைக்கும் சத்து வேணும்



மத்தியானம் மணி அடிச்சதும் தட்டைத் தூக்கிக்கிட்டுப் பிள்ளைகள் சத்துணவு வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்போம். முட்டை வைக்க வரும்போது ஒன்றிரண்டு பிள்ளைகள் தட்டைக் கையால் மறைத்துக்கொள்ளும். அது சைவக் குடும்பத்துப் பிள்ளையாக இருக்கலாம். வீட்டில் மாலை போட்டு விரதம் இருக்கலாம். முட்டை வாடையே பிடிக்காத பிள்ளையாகவும் இருக்கலாம். காரணம் எதுவானாலும் அந்தப் பிள்ளை பசியோடு எழுந்திருக்கக் கூடாது, மனம் நொந்தும் எழுந்திருக்கக் கூடாது.

இது நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். தாயாக, அங்கன்வாடியில் வேலை பார்ப்பவராக, சத்துணவு சமைப்பவராக நம் பெண்கள்தான் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் பல பள்ளிகளில் அடுப்பு முன்னால் நிற்பது மகளிர் குழுப் பெண்கள்தான்.

பழம் வாங்கினால் போதுமா?

எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-ல் அதில் முட்டை சேர்ந்தது. 2010 முதல் பள்ளிகளில் வாரம் 5 நாளும் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. அது சலுகை இல்லை, அந்தப் பிள்ளைக்கு உரியது. கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு வாழைப்பழத்தில் 1 கிராம் அளவுதான். பழம் தெம்பு தரும், வயிறு நிறையும். ஆனால் பிள்ளையின் தசை வளர, உடம்பு தேற வேண்டிய புரதம் அதில் வராது. அந்தக் குறையை வீட்டில்தான் நிரப்ப வேண்டும். அதற்குச் செலவு அதிகம் இல்லை:

1. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் பச்சைப்பயறில் ஒரு முட்டை அளவு புரதம் கிடைக்கும். சாயங்காலம் சுண்டலாகக் கொடுங்கள். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு என்று மாற்றி மாற்றிச் செய்தால் பிள்ளைக்குச் சலிக்காது.

2. வேர்க்கடலையும் அதே அளவு புரதம் தரும். கடலை உருண்டை பிடித்து வைக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் அடைக்கும். பொடித்து அல்லது மசித்துக் கொடுங்கள்.

3. தினம் பால், தயிர் அல்லது மோர் கட்டாயம் வேண்டும். பி12 என்ற சத்து பருப்பிலும் கீரையிலும் கிடையாது. சைவப் பிள்ளைக்கு அது பாலிலும் தயிரிலும்தான் கிடைக்கும்.

4. கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழியுங்கள், அல்லது நெல்லிக்காய், கொய்யா கொடுங்கள். இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ கொடுத்தால் அந்தச் சத்து சேருவது குறைந்துவிடும்.

டீச்சரிடம் என்ன சொல்லணும்?

பள்ளி திறந்த முதல் வாரமே போய்ச் சொல்லிவிடுங்கள். "டீச்சர், எம்புள்ள முட்டை சாப்பிட மாட்டா. பழம் குடுத்துருங்க. குழம்பு, சாம்பார் எல்லாம் சாப்பிடுவா" என்று எது ஆகும், எது ஆகாது இரண்டையும் சொல்லுங்கள். பிறந்த நாளுக்கு வகுப்பில் கேக் கொடுப்பார்கள், அதிலும் முட்டை இருக்கலாம். பாக்கெட் தின்பண்டத்தில் பச்சைப் புள்ளி போட்டிருந்தால் சைவம் என்று பிள்ளைக்கும் காட்டிக் கொடுங்கள்.

முட்டை சாப்பிட்டால் தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் வரும் பிள்ளைகளும் உண்டு. அது ஒவ்வாமை. அதை டாக்டரிடம் காட்டி, டீச்சரிடமும் சமைப்பவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்குத் தெரியாமல்கூடக் கொடுக்கக் கூடாது.

சமைக்கிற அக்காமார்களுக்கு

முட்டை மசாலாவுக்கு ஒரு கரண்டி, சாதத்துக்கு ஒரு கரண்டி என்று தனியாக வையுங்கள். முட்டையை எடுத்துவிட்டு அதே மசாலாவை அந்தப் பிள்ளையின் தட்டில் ஊற்றாதீர்கள். பழம் தீரும் முன்பே அந்தப் பிள்ளைக்கு எடுத்து வையுங்கள். "ஒரு வாய் தின்னு, ஒண்ணும் ஆகாது" என்று வற்புறுத்த வேண்டாம். சாதத்துக்குள் ஒளித்து வைக்கவே வேண்டாம். ஒருமுறை ஏமாந்த பிள்ளை அப்புறம் நம் கையால் எதையும் நம்பிச் சாப்பிடாது.

தனி வரிசை வேண்டாம்

கரண்டிதான் தனி. பிள்ளை தனி இல்லை. முட்டை சாப்பிடாத பிள்ளையை வேறு மூலையில் உட்கார வைப்பது பார்க்கச் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் தனிப் பந்தி எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் ஊர்களில் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடத்தான் சத்துணவு.

கேலியும் வேண்டாம். "முட்டை தின்னாத பயந்தாங்கொள்ளி" என்பதும் தப்பு. "சீ, முட்டை தின்கிறான்" என்று பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து மூஞ்சியைச் சுளிப்பதும் தப்பு. நம் பிள்ளைக்கு நம் வீட்டு வழக்கத்தைச் சொல்லும்போது, அடுத்த வீட்டு வழக்கத்தையும் மதிக்கச் சொல்லிக் கொடுப்போம்.

வருகிற குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். நம் ஊர்ப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் முட்டை சாப்பிடாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்குப் பழம் ஒழுங்காகக் கிடைக்கிறதா? வீட்டில் பயறும் பாலும் கிடைக்கிறதா? இந்த மூன்றையும் கேட்டு எழுதுவோம். ஏதாவது ஒரு வீட்டில் பயறு வாங்கக்கூட முடியவில்லை என்று தெரிந்தால், அதற்கு என்ன செய்வது என்று அன்றைக்கே முடிவு செய்வோம்.