மேய்க்கால் குறைந்த ஊரில் கைகொடுக்கும் வீட்டுக் கொல்லை

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள தேர்வாய் கண்டிகை இன்று இரண்டு காரணங்களால் வெளியூராருக்கும் தெரிந்த ஊராகிவிட்டது. ஒன்று, சிப்காட் தொழிற்பூங்கா. 1,100 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் அமைந்த இப்பூங்காவில் டயர் தொழிற்சாலை நிறுவ மிஷ்லின் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. மற்றொன்று, கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டப்பட்ட நீர்த்தேக்கம். 500 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள இது 2020ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. இதன் நீர் சென்னை மாநகரின் குடிநீருக்கு உரியது.

தொழிற்பூங்கா அமைந்த இடம் முன்பு ஊராரின் ஆடு மாடுகள் மேய்ந்துவந்த மேய்க்கால் புறம்போக்கு. காலையில் அவிழ்த்துவிட்டால் மாலையில் வயிறு நிறைந்து வீடு திரும்பும் என்ற நிலை அதனோடு போயிற்று. தீவனத்தைக் காசு கொடுத்து வாங்கி மாடு வளர்ப்பது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. எனவே மாட்டை விற்றுவிடலாம் என்ற எண்ணம் எழுகிறது. மாடு போனால் பால் மட்டும் போவதில்லை. நிலத்துக்கு எருவும், அவசரச் செலவுக்குக் கைப்பணமும் சேர்ந்தே போகின்றன. தொழிற்பேட்டைகள் பரவிவரும் பிற ஊர்களிலும் இதே நிலைதான். வீட்டுக் கொல்லையையும், வீட்டில் வீணாகும் நீரையும், கொட்டிலையும் சீர்படுத்தினால் இந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்ய இயலும்.

குளியல் நீரே பாசன நீர்

ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் செலவாகும் நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 லிட்டர். இது பெரும்பாலும் தெருவில் ஓடிக் கொசுவுக்கு இடமாகிறது. ஒரு சென்ட் தீவனப் புல்லுக்குக் கோடையில் தேவைப்படும் நீரும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 160 லிட்டர்தான். ஆகவே, கிணறு இல்லாத வீட்டிலும் ஒரு சென்ட் புல் வளர்க்க முடியும்.

குளியலறையை அடுத்து இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுக்கவும். அடியில் உடைந்த செங்கல், அதன்மேல் சரளை, மேலே ஆற்று மணல் என நிரப்பவும். கழிவு நீர் மேலிருந்து விழுந்து மணலில் வடிந்து, அடியில் பதித்த குழாய் வழியாகப் பாத்திக்குச் செல்ல வேண்டும். பாத்தி குழியைவிடத் தாழ்வாக இருத்தல் அவசியம். குழியின் ஓரத்தில் கல்வாழை நட்டால் தேங்கும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். மாதம் ஒருமுறை மேல்மணலைச் சுரண்டி எடுத்துப் புதுமணல் இடவும். பூச்சிமருந்துத் தெளிப்பானைக் கழுவிய நீரை எக்காரணம் கொண்டும் இக்குழியில் விடக்கூடாது.

ஒரு சென்ட், ஒன்பது பாத்தி

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ரகங்களான கோ 4, கோ 5 ஆகியவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டவை. ஒரு சென்ட் நிலத்தை நன்கு கொத்தி, 100 கிலோ தொழு உரம் இட்டு, ஒன்பது சிறு பாத்திகளாகப் பிரித்துக்கொள்ளவும். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 50 செ.மீ. இடைவெளியில் இரண்டு கணுக்கள் கொண்ட கரணைகளை, ஒரு கணு மண்ணுக்குள் இருக்குமாறு நடவும். ஒரு சென்ட்டுக்கு ஏறத்தாழ 135 கரணைகள் வேண்டும். கரணை கிடைக்கும் இடம், நடவு முறை ஆகியவற்றைத் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு அறியலாம்.

முதல் அறுவடை 75 முதல் 80 நாட்களில் வரும். அதன்பின் 45 நாட்களுக்கு ஒருமுறை அறுக்கலாம். ஐந்து நாட்களுக்கு ஒரு பாத்தி என அறுத்துவந்தால், ஒன்பதாம் பாத்தி முடியும்போது முதற்பாத்தி மீண்டும் அறுவடைக்கு வந்திருக்கும். தரையிலிருந்து அரையடி விட்டு அறுத்தால் தூர்கள் கெடாமல் துளிர்க்கும். அறுத்த பாத்திக்கு ஒரு கைப்பிடி யூரியாவோ, ஒரு கூடை மக்கிய எருவோ இட்டு நீர் விடவும்.

நல்ல பராமரிப்பில் ஒரு சென்ட்டில் ஆண்டுக்கு ஒன்றரை டன் வரை புல் கிடைக்கும். வீட்டுக் கழிவு நீரில் அதில் பாதி என்று கொண்டாலும் நாளொன்றுக்கு 2 கிலோ வரும். வளர்ந்த ஆட்டுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம் வேண்டும். கறவை மாட்டுக்கு 25 கிலோ வேண்டும். ஒரு சென்ட் புல்லைக்கொண்டு மாட்டின் வயிற்றை நிரப்பிவிடலாம் என்று எண்ணுவது தவறு. ஆனால் வேலித் தழையையும் சேர்த்தால் ஓர் ஆட்டின் தேவையை நிறைவு செய்யலாம். மாட்டுக்கு வைக்கோலோடு கலந்து கொடுக்கப் பச்சைக்குக் குறைவிராது. கிணற்று வசதி உள்ளவர்கள் பரப்பை ஐந்து சென்ட் வரை கூட்டிக்கொள்ளலாம்.

வேலியும் தீவனமே

புல்லை மட்டும் கொடுத்தால் புரதச் சத்து போதாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகைத் தழை சேர்த்தல் நலம். இதற்கெனத் தனி இடம் வேண்டியதில்லை. கொல்லையின் வேலி ஓரமாக மூன்றடிக்கு ஒன்றாக அகத்தி நடவும். அதன் அடியில் வேலிமசால் விதைக்கவும். வேலிமசால் விதையின் தோல் கடினமானது. கொதித்த நீரை இறக்கி நான்கு நிமிடம் ஆறவிட்டு, விதையை அதில் நான்கு நிமிடம் போட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசி விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். வேலிமசாலை மூன்று மாதத்திலும், அகத்தியை எட்டு மாதத்திலும் முதல்முறை வெட்டலாம். அகத்திக் கீரை குடும்பத்தின் உணவுக்கும் ஆகும்.

வைக்கோலைச் சத்தாக்கும் முறை

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பாலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி 21 நாட்கள் வைக்கவும். பிறகு வேண்டிய அளவு மட்டும் எடுத்து, நெடி போகும்வரை உலரவிட்டுக் கொடுக்கவும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. யூரியா கரைத்த நீரை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து; கரைத்த பாத்திரத்தை உடனே கழுவிவிட வேண்டும். யூரியாவின் அளவைக் கண்மதிப்பாக அல்லாமல் நிறுத்தே போடவும்.

கொட்டிலும் கூரையும்

கொட்டிலின் தரை மூன்றடிக்கு இரண்டு அங்குலம் சரிவாக இருந்தால் மூத்திரம் தேங்காது. சரிவின் முடிவில் சிறு வாய்க்கால் அமைத்து எருக்குழியில் விட்டால் எருவின் சத்து கூடும். மாட்டின் மடிநோயும் குறையும். தீவனத்தைத் தரையில் போடாமல் தொட்டியில், விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் மிதிபட்டு வீணாவது பெரிதும் குறையும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், புரட்டாசி பிறந்ததும் வீட்டுக் கூரையைக் கவனித்துவிட வேண்டும். ஓடுகளை மாற்றி, தகரத் தூம்புகளில் அடைந்த சருகை அகற்றவும். 300 சதுர அடிக் கூரையில் ஒரு செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 220 லிட்டர் நீர் சேரும். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அன்று அமைத்த குழிகள் பல வீடுகளில் தூர்ந்து கிடக்கின்றன. அவற்றைத் தூர்வாரி, சல்லியைக் கழுவி மீண்டும் நிரப்ப ஒரு நாள் வேலை போதும். முதல் மழையின் நீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து சேகரிக்கவும்.

மழைக்கு முன்பே நிலைக்கதவு, உத்தரம் ஆகியவற்றில் கரையான் கட்டிய மண்கோடு உள்ளதா எனப் பார்த்துச் சுரண்டிவிடவும். விறகையும் வைக்கோலையும் சுவரோடு ஒட்டி அடுக்கினால் கரையானுக்கு வழி அமைத்துக் கொடுத்ததாகும். இரண்டடி தள்ளிக் கல்மேல் பலகையிட்டு அடுக்கவும்.

எதில் தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் செய்ய வேண்டியதில்லை. முதலில் கழிவுநீர்க் குழி, அடுத்து மூன்று பாத்திப் புல், பிறகு வேலி. மூன்று பாத்தியில் விளையும் புல்லே அடுத்த ஆறு பாத்திக்கு வேண்டிய கரணையைத் தந்துவிடும். கைமுதல் என்பது பெரும்பாலும் வீட்டாரின் உழைப்புதான்.

கைவிட்டுப் போன மேய்க்காலின் பரப்புக்குக் கொல்லை நிகராகாது. எஞ்சியுள்ள மேய்ச்சல் நிலங்களையும் ஏரிக் கரைகளையும் ஊர் கூடிக் காப்பது என்றும் தேவை. ஆயினும் தொழுவத்தில் நிற்கும் ஒரு மாட்டையோ இரண்டு ஆடுகளையோ விற்றுவிடாமல் காக்க வீட்டுக் கொல்லையால் முடியும். அந்த ஒரு மாட்டின் எருவே அடுத்த போக நெல்லுக்கு அடியுரம் என்பதை நினைவிற்கொண்டு, விவசாயப் பெருமக்கள் இப்பருவத்திலேயே பணியைத் தொடங்குதல் நலம்.