அத்தை முந்தியில் முடிந்து வைத்திருந்த நூறு ரூபாய்

போன வாரம் பரண் மேல் ஒட்டடை அடிக்கும்போது, பழைய துணி மூட்டைக்குள் ஒரு பனியன் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 6-ம் தேதி சென்னையில் நடந்த கலைஞர் நினைவு பன்னாட்டு மாரத்தானில் நான் போட்டுக்கொண்டு ஓடிய பனியன் அது. 'நீயா ஓடினே?' என்று சிரிக்காதீர்கள் சகோதரிகளே! பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கல்யாணமாகி பொதட்டூர்பேட்டைக்கு வந்து, தறிச் சத்தத்துக்கு நடுவே தார் சுற்றிக்கொண்டிருக்கும் நானேதான் ஓடினேன்!

என் கடைசித் தங்கை சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள்தான் அந்த வருஷம் போன் செய்து, "அக்கா, நானும் ஓடப் போறேன், நீயும் வா. நாம கட்டுற பணம் எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குப் போகுதாம். புள்ளைங்களோட வர்றவங்க தங்கறதுக்குக் கட்டடம் கட்டப் போறாங்களாம்" என்றாள். மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டர் 195 மீட்டர் ஓட வேண்டுமாம். கேட்டதுமே எனக்குத் தலை சுற்றியது. ஆனால் 21, 10, 5 கிலோமீட்டர் என்றும் பிரிவு உண்டு என்றாள். ஐந்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்னேன்.

வீட்டில் சொன்னதும் மாமியார் பிடித்துக்கொண்டார். "வயசுக்கு வந்த பொண்ணை வீட்ல வெச்சிக்கினு, நீ ரோட்டுல ஓடுவியா? நாலு பேர் இன்னா பேசுவாங்க?" என்று ஒரே சத்தம். என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் கோபப்படவில்லை. "அத்தை, அந்தப் பணம் எதுக்குப் போகுதுன்னு கேளுங்க" என்று விஷயத்தைச் சொன்னேன். அத்தை அப்படியே அமைதியாகிவிட்டார்.

காரணம் இருக்கிறது. என் பையனுக்கு நாலு வயதில் விஷக்காய்ச்சல் வந்து, வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் சேர்த்திருந்தோம். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி. நான் குழந்தையின் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டேன். எங்களை விட்டுப் போக மனசில்லாமல் அத்தை ஒன்பது ராத்திரியும் வெளியே மரத்தடியில் பேப்பரை விரித்துப் படுத்துக் கிடந்தார். ஒருநாள் மழை வந்து, டீக்கடைத் தாழ்வாரத்தில் விடிய விடிய நின்றிருக்கிறார். குளிக்க, துணி மாற்ற இடம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பையன் எழுந்து விளையாடினான். அத்தை பத்து நாள் படுத்துவிட்டார்!

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் குழந்தைக்கு டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. பக்கத்தில் காத்துக் கிடப்பவர்களை யார் நினைக்கிறார்கள்? அவர்களும் படுத்துவிட்டால் குழந்தையை யார் பார்ப்பது? அதற்காக ஓடுகிறார்கள் என்றதுமே எனக்குக் கால் தானாக முன்னே போய்விட்டது.

அன்று சாயங்காலம் அத்தை முந்தி முடிச்சை அவிழ்த்து, நாலாய் மடித்த நூறு ரூபாய் நோட்டை என் கையில் வைத்தார். "என் பேர்லயும் கட்டிடு. சுடிதார் போட்டுக்கினு ஓடு, புடவை தடுக்கும்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மூன்று மாதம் பயிற்சி. வாசல் தெளித்து கோலம் போட்டதும் கிளம்பிவிடுவேன். ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதற்கடுத்த கம்பம் வரை நடை. முதல் வாரம் மூச்சு வாங்கி, முழங்கால் விண் விண் என்று வலித்தது. செருப்போடு ஓடியதுதான் தப்பு என்று தங்கை சொன்ன பிறகு ஷூ வாங்கினேன். மெல்ல மெல்ல இரண்டு கம்பம், மூன்று கம்பம் என்று கூடியது. தெருவில் முதலில் சிரித்தவர்களில் இரண்டு பேர் கடைசி மாதத்தில் என்னோடு நடக்க வந்துவிட்டார்கள்!

முதல் நாளே திருத்தணிக்குப் போய், ரயில் ஏறி, தங்கை வீட்டில் தங்கினேன். மறுநாள் விடியற்காலையில் மெரினாவைப் பார்க்க வேண்டுமே... தலையோ தலை! ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு வரும் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. பதிவு செய்தவர்கள் 73,206 பேர். கின்னஸ் சாதனையாம். நான் பாதி ஓட்டம், பாதி நடையாகத்தான் முடித்தேன். என்னைத் தாண்டிப் பாட்டிகளும் சின்னப் பிள்ளைகளும் போனார்கள். ஆனால் நடுவில் நிற்கவில்லை!

கட்டணமாகச் சேர்ந்த 3 கோடியே 42 லட்சம் ரூபாய், எழும்பூரில் அந்தக் கட்டடத்துக்காகச் சுகாதாரத் துறையிடம் கொடுக்கப்பட்டதைப் பேப்பரில் படித்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்குச் சராசரியாக ஐநூறு ரூபாய் கூட வரவில்லை! ஒற்றை இழையை விரலால் அறுத்துவிடலாம், பாவாகச் சேர்ந்தால் புடவையாகிவிடுகிறது. நெசவுக்காரி எனக்கு இது தெரியாதா என்ன?

தங்கை இன்னொரு கதையும் சொன்னாள். கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்று ஒரு பையன். புற்றுநோயால் 18 வயதில் வலது காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் தன்னோடு கிடந்த சிறுபிள்ளைகள் பட்ட பாட்டை மறக்க முடியாமல், புற்றுநோய் ஆராய்ச்சிக்காக 1980-ல் செயற்கைக் காலோடு ஓடக் கிளம்பினானாம். நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தால் போதும் என்றுதான் கேட்டான். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. மறு வருஷம் 22 வயதில் போய்விட்டான். அவன் பெயரில் இன்றும் பல நாடுகளில் ஓடிப் பணம் சேர்க்கிறார்கள். அந்தத் தாயை நினைத்தால் இப்போதும் என் வயிறு கலங்குகிறது.

சகோதரிகளே, எல்லோரும் ஓட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பி.பி., சர்க்கரை, மூட்டுவலி இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள். ஓட முடியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் தெருவில் ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தால், கூட இருக்கும் அம்மாவுக்கு ஒரு தூக்கு சோறு, ஒரு பழைய போர்வை கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு ராத்திரி நீங்கள் உட்கார்ந்துகொண்டு, அவளைப் படுக்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கிடைத்த மெடல் எங்கே என்று கேட்கிறீர்களா? அத்தை அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், "இதுல நூறு ரூபா என்னுது" என்று சொல்லிக் காட்டாமல் விடமாட்டார்!

— ஒரு வாசகி, பொதட்டூர்பேட்டை