சர்க்கரை உள்ளவர் காலுக்குச் செருப்பு

காலில் கிடந்த செருப்பு கழன்றதே தெரியாமல் நாலடி நடந்திருக்கிறீர்களா? சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் அதை லேசாக விட்டுவிடாதீர்கள். பாதத்து நரம்புகள் மரத்துப் போவதன் அடையாளமாக இருக்கலாம். வலி தெரியாததால்தான் முள் குத்திய இடமும், வார் உரசிய கொப்புளமும் சீழ் பிடித்த பிறகே கண்ணில் படுகின்றன.

இரவு படுக்குமுன் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். விரலிடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவவே கூடாது.

செருப்பு வாங்க மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்த கால் அப்போது சற்றே வீங்கியிருக்கும். முன்பக்கம் அகலமாக, பின்வார் உள்ளதாக எடுங்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் மெத்தென்ற ரப்பர் வைத்தது கிடைக்கும். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு மருத்துவர்கள் எழுதித் தருவது அதைத்தான்.

சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல் சுடுவது மரத்த காலுக்கு உறைக்காது. வெயில் ஏறுமுன் சுற்றிவிட்டு வாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள்.