குழந்தையைக் கேட்டோம், சட்டத்தைக் கேட்டோமா?

ஆலங்காயத்தில் பஸ் ஏறி மலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்ரீபதியின் பெயர் புதிதல்ல. ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த மலையாளி பழங்குடிப் பெண். டி.என்.பி.எஸ்.சி. நடத்திய உரிமையியல் நீதிபதி தேர்வில் அவர் வென்ற செய்தி 2024 பிப்ரவரியில் வந்தபோது வயது 23. பிரசவமாகி இரண்டே நாளில் காரில் சென்னைக்குப் போய் எழுதிய தேர்வு.

நாமும்தான் கொண்டாடினோம். ஆனால் அன்றைய பேச்சை இப்போது நினைத்தால் உறுத்துகிறது. கைக்குழந்தை இருந்தது, கணவரின் துணை இருந்தது, தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீடு இருந்தது. அவர் படித்த சட்டம் எங்கே போயிற்று? முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என மூன்று படி ஏறியவரிடம், எந்தத் தாள் கஷ்டமாக இருந்தது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அந்த 20 சதவீதம் ஆண்களுக்கும் உண்டு. நம் பையன்களையும் 'கோட்டா' என்று இளக்காரமாகச் சொல்வார்கள், தெரியும். பெண் என்றால் அதோடு விடுவதில்லை. 'இவளுக்குத் தீர்ப்புச் சொல்ல வருமா' என்பதும் சேரும்.

இது பழைய வியாதி. நாட்டின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி அன்னா ராஜம். 1951-ல் நேர்முகத்தில் இருந்தவர்கள், பெண்ணுக்கு வெளியுறவுப் பணி போன்றவைதான் பொருத்தம் என்று திசைதிருப்பப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை, சென்னை மாகாணத்தைக் கேட்டு வாங்கினார். இங்கே வந்தால், மாவட்டப் பொறுப்பு வேண்டாம், தலைமைச் செயலகத்தில் உட்காருங்கள் என்றார்கள். குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் பயிற்சி பெற்றவரிடம் சொன்ன பேச்சு இது! வாதாடித்தான் ஓசூர் சப்-கலெக்டர் ஆனார். திருமணம் செய்தால் வேலை போகும் என்று அவருடைய பணி ஆணையிலேயே எழுதியிருந்தது. அந்த விதி பிறகு நீங்கியது.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு கையேடு வெளியிட்டது. பெண்கள் உணர்ச்சிவசப்படுவார்கள், முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்பது போன்ற எண்ணங்கள் தவறு என்று வரிசையாகச் சொல்கிறது. அது நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் எழுதியது. சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகவே எடுத்துப் படிக்கலாம். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்களுக்கும் ஒரு பிரதி காட்டலாம்.