கையளவு எஃகு

மே, ஜூன் மாதங்களில் மாலை வேளையில் தில்லி காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்துக்குப் போனால் பெரிய பெரிய முதுகுப் பைகளோடு இளைஞர் கூட்டத்தைப் பார்க்கலாம். மணாலிக்கும் உத்தரகாசிக்கும் இரவு வண்டி ஏறக் காத்திருப்பவர்கள். முதல் முறை மலையேறப் போகிறவர்கள் என்னிடம் கத்தியைப் பற்றிக் கேட்கும்போது கைப்பேசியில் ஒரு படத்தையும் காட்டுவார்கள். ஓர் அடிக்கு மேல் நீளம், முதுகில் ரம்பப் பல், குழிவான கைப்பிடி, அதன் அடியில் திசைகாட்டி. 1982இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் வைத்திருந்த கத்தியின் வாரிசு அது.

வாங்க வேண்டாம் என்பேன். குழிவான கைப்பிடி முதல் காரணம். அலகின் தொடர்ச்சியாகக் கைப்பிடிக்குள் போகும் பகுதியே காம்பு. அது பிடியின் கடைசிவரை போனால் கத்தி முழுவதும் ஒரே எஃகுத் துண்டு. குழிவான பிடியிலோ காம்பு தொடக்கத்திலேயே முடிந்துவிடும். மரத்தைப் பிளக்கும்போதோ, இறுகிய முடிச்சை நெம்பும்போதோ வரும் வளைவு விசை எல்லாம் அந்தக் குட்டையான இணைப்பில் போய்க் குவியும். அலகு எவ்வளவு நீளமோ அவ்வளவு சீக்கிரம் அது ஆட்டம் காணும்.

நீளம் இரண்டாவது காரணம். மலையில் கத்திக்கு உண்மையில் என்ன வேலை? கூடாரக் கயிற்றை அறுப்பது, காயத்தைப் பார்க்கக் கால்சட்டைத் துணியைக் கிழிப்பது, ஈர விறகின் தோலைச் சீவி உள்ளேயிருக்கும் உலர்ந்த மரத்தை மெல்லிய சுருள்களாக எடுத்துத் தீ மூட்டுவது, கூடாரத்துக்கு முளை செதுக்குவது, வெங்காயம் நறுக்குவது. இவற்றில் எதற்கும் உள்ளங்கை அகலத்துக்கு மேல் அலகு தேவையில்லை. 1991இல் ஆல்ப்ஸ் மலையில், 3,200 மீட்டர் உயரத்தில், பனிக்குள் கிடைத்த ‘ஓட்சி’ என்னும் மனிதர் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவர் வைத்திருந்த சிக்கிமுக்கிக்கல் கத்தி, மரப்பிடியோடு சேர்த்தே ஏறத்தாழ 13 சென்டிமீட்டர்தான். அதைப் பட்டை நாரில் முடைந்த உறையில் வைத்திருந்தார். மழுங்கிய முனையைத் தீட்ட மான்கொம்புக் கருவி ஒன்றும் அவரிடம் இருந்தது. பனிமலையிலேயே நடந்து பழகியவரின் தேர்வு அது.

அடுத்து உலோகம். அதைப் புரிந்துகொள்ளத் தில்லியில் குதுப் மினார் வளாகத்தைவிட நல்ல வகுப்பறை கிடையாது. அங்கே நிற்கும் இரும்புத் தூணுக்கு வயது சுமார் 1,600 ஆண்டுகள். உயரம் ஏழு மீட்டருக்கு மேல், எடை ஆறு டன்னுக்கு மேல். அது ஏன் துருப்பிடித்து உதிரவில்லை என்ற கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கான்பூர் ஐஐடியின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம். விடை பாஸ்பரஸில் இருந்தது. அந்தக் காலக் கொல்லர்கள் மரக்கரியில் தாதுவை உருக்கினார்கள், சுண்ணாம்புக்கல் சேர்க்கவில்லை. அதனால் தாதுவிலிருந்த பாஸ்பரஸ் கசடோடு போகாமல் இரும்பிலேயே தங்கிவிட்டது. தூணில் அதன் அளவு ஏறத்தாழ 0.25 சதவீதம், இன்றைய சாதாரண எஃகில் 0.05 சதவீதத்துக்கும் குறைவு. இந்தப் பாஸ்பரஸின் துணையோடு இரும்பின் மேல் மிக மெல்லிய, கெட்டியான காப்புப் படலம் ஒன்று உருவாகி, ஈரமும் காற்றும் உள்ளே போகாமல் தடுக்கிறது. தில்லியின் வறண்ட காற்றும் துணை நின்றது.

ஆனால் அந்த இரும்பில் ஒரு கத்தி அடித்தால் தக்காளிகூடச் சரியாக நறுக்க முடியாது. காரணம், அதில் கரிமம் குறைவு. இரும்பில் போதிய கரிமம் இருந்தால்தான் அதைக் கடினமாக்க முடியும். அப்போதுதான் விளிம்பு மழுங்காமல் நிற்கும். பாஸ்பரஸுக்கு இன்னொரு குணமும் உண்டு: கடுங்குளிரில் இரும்பை நொறுங்க வைக்கும். நிலத்தில் அசையாமல் நிற்கும் தூணுக்கு இதனால் கேடில்லை. பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியில் விறகு பிளக்கும் கத்திக்கு அதுவே முடிவு.

கத்திக்கு ஏற்ற எஃகு தெற்கே இருந்தது. விழுப்புரம் பக்கம் மேல்சிறுவலூரில் மூசைகளில் உருக்கெஃகு செய்த தடயங்களைத் தொல்லுலோகவியலாளர் சாரதா ஸ்ரீநிவாசன் கண்டறிந்து ஆராய்ந்திருக்கிறார். இந்த வகை எஃகில் கரிமம் ஒரு சதவீதத்துக்கு மேல். மேற்காசியப் பட்டறைகளில் வாள்களானது இப்படித் தென்னிந்தியாவிலிருந்து போன எஃகுதான். மைக்கேல் பாரடேகூட மின்சார ஆராய்ச்சியில் புகழ் பெறுவதற்கு முன் இதன் ரகசியத்தைத் தேடிச் சோதனைகள் செய்தார்.

இன்று சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்தி அருவாளுக்கும் நேபாளத்துக் குக்ரிக்கும் மூலப்பொருள் பெரும்பாலும் ஒன்றே: பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. அதில் ஏறத்தாழ 0.6 சதவீதம் கரிமம். லாரியின் சுமையை ஆண்டுக்கணக்கில் வளைந்து தாங்கும் எஃகு என்பதால் எளிதில் முறியாது. அதை 800 டிகிரிக்குச் சற்று மேல் காய்ச்சித் திடீரெனக் குளிர்விக்கும்போது கரிம அணுக்கள் வெளியேற நேரமின்றி இரும்புப் படிகங்களுக்குள் சிக்கிக்கொள்கின்றன. எஃகு கண்ணாடியைப் போல் கடினமாகிறது. கண்ணாடியைப் போலவே உடையவும் செய்யும். ஆகவே 200 டிகிரி அளவில் மீண்டும் மெல்லச் சூடேற்றி, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்க வேண்டும். அலகில் படரும் வைக்கோல் நிறத்தைப் பார்த்தே அந்தப் பதத்தைச் சொல்லும் கொல்லர்களின் கண் எனக்கு எப்போதும் வியப்பு. கத்தியின் தரத்தைத் தீர்மானிப்பது எஃகின் பெயரைவிட இந்தப் பதமே. அதனால்தான் நன்றாகப் பதம் வைத்த மலிவான கத்தி, பெயர் பெற்ற எஃகில் அவசரமாகச் செய்த கத்தியை வென்றுவிடுகிறது.

துருப்பிடிக்காத எஃகா, கரிம எஃகா என்று கேட்டால், பனியும் மழையும் உள்ள இமயத்துக்கு முதலாவதைத்தான் சொல்வேன். குரோமியம் 13 சதவீதமும் கரிமம் 0.6 சதவீதமும் அளவில் உள்ள எஃகு போதும். நம் வீட்டு எவர்சில்வரில் குரோமியம் இதைவிட அதிகம், கரிமமோ மிகக் குறைவு. அதனால் காய்ச்சிக் குளிர்வித்தாலும் அது கடினமாகாது. ஸ்வீடனின் மோரா நகரில் செய்யும் எளிய கத்திகள் பத்து சென்டிமீட்டர் அலகும் இரண்டரை மில்லிமீட்டர் கனமும் கொண்டவை. அவற்றில் பலவற்றுக்குக் காம்பு கடைசிவரை போவதில்லை. ஆனாலும் பிளாஸ்டிக் பிடியை அதைச் சுற்றி இறுக்கமாக வார்த்திருப்பதால் நன்றாக உழைக்கின்றன.

இனி, தில்லியிலிருந்து புறப்படுகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் உரியவற்றுக்கு விலக்கு உண்டு. தில்லிக்குத் தனியாகவும் ஓர் அறிவிக்கை இருக்கிறது. 1980இல் வந்த அது, பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திகளையும் ‘கராரி’ என்னும் பல்பூட்டுள்ள மடக்குக் கத்திகளையும் குறிவைக்கிறது. இவற்றில் அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினால் அறிவிக்கை பொருந்தும். இந்தி சினிமாவில் சட்டென்று விரியும் ராம்பூர் கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அறிவிக்கை தயாரிப்பையும் விற்பனையையும் பற்றித்தான் பேசுகிறது என்று நீதிமன்றத்தில் வாதிடலாம். இரவு பத்து மணிக்குப் பையைத் திறக்கச் சொல்லும் காவலரிடம் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பொத்தான் கத்தியைத் தொடவே வேண்டாம்.

காட்டுச் சட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் எனச் சொல்லும் பட்டியலில் துப்பாக்கி, கண்ணி, நஞ்சு ஆகியவற்றோடு கத்தியும் இருக்கிறது. எழுத்துமூல அனுமதியின்றி அதோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது 31ஆம் பிரிவு. தில்லியின் தெற்கு ஓரத்தில் இருக்கும் அசோலா பட்டி ஒரு சரணாலயம். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் விறகு சீவிப் பழகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஹர் கி தூன் பாதை கோவிந்த் வனவிலங்குப் பகுதிக்குள் போகிறது. துங்கநாத்தைச் சுற்றிய காடுகள் கேதார்நாத் சரணாலயத்தைச் சேர்ந்தவை. ஆகவே மலைப்பாதைக்கு அனுமதிச்சீட்டு வாங்கும்போதே கத்தியைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. வழிகாட்டியும் சமையல்காரரும் உடன் வரும் பயணத்துக்கு, கையால் விரிக்கும், ஏழு சென்டிமீட்டருக்குக் குறைவான மடக்குக் கத்தியே தாராளம். அங்கே பச்சை மரத்தை வெட்டும் தேவை உங்களுக்கு வராது, வரவும் கூடாது.

ஊருக்குள் கத்தியை இடுப்பில் தொங்கவிடாதீர்கள். உறையில் போட்டு, துணியில் சுற்றி, முதுகுப் பையின் அடியில் வையுங்கள். விமானத்தில் என்றால் சரக்கோடு போகும் பெட்டியில்தான் அதற்கு இடம். மெட்ரோ நிலையங்களில் பையை ஊடுகதிரில் பார்ப்பார்கள். பேருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் போய்விடுவது சுலபம்.

திரும்பி வந்த பிறகு பலரும் செய்யும் தவறு, கத்தியைத் தோல் உறையிலேயே விட்டுவிடுவது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்; பதனிடப் பயன்பட்ட உப்புகளும் அமிலங்களும் அதில் மிச்சம் இருக்கும். ஜூலையில் தில்லிக் காற்றின் ஈரப்பதம் ஏறும்போது குரோமிய எஃகில்கூடப் புள்ளி புள்ளியாகத் துரு வரும். கழுவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, உறைக்கு வெளியே, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் சாணைக்கல்லில் தீட்டும்போது இரு பக்கமும் சேர்ந்து 25 டிகிரிக் கோணம் இருக்கட்டும். அதைவிடக் குறுகினால் முடிச்சுள்ள தேவதாரு மரத்தில் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும்.